சார்ஜ் யார் தலையில்?

செவிலியர் சங்கத்தின் இந்த ஆண்டுக் கூட்டத்திற்கு அணிசேர்த்து அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே. அவருக்கு வலப்பக்கத்தில், வேலைப்பளுவுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே. இடப்பக்கத்தில், என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே. மருந்தகத்திலும் ஆய்வகத்திலும் சமையற்கூடத்திலும் சலவைக்கூடத்திலும் நின்றே கால் வீங்கிப்போன தோழர்களே. ஓய்வு பெற்ற பின்னும் உறவை விடாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே. சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடிவந்திருக்கும் என் உடன்பிறவாச் சகோதரிகளே. கதவோரம் ஒற்றைக்காலில் நின்று கேட்டுவிட்டு அடுத்த நொடி வார்டுக்கு ஓடப்போகும் நண்பர்களே. உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை.' நோயாளிக்கும் நோவுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு ஆங்கிலச் சொல்லோடு என்ன ஆராய்ச்சி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. செயலாளரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, போன வருஷம் நீங்க பேசின பேச்சுக்கு உங்களுக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ. இந்த வருஷம் கோரிக்கை கீரிக்கைன்னு எதையும் எடுக்காதீங்க. சும்மா ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தைய எடுத்துக்கிட்டு, அது எங்கருந்து வந்துச்சு, எத்தனை அர்த்தம்னு ஜாலியா பேசிட்டு இறங்கிடுங்க. வார்த்தைல என்ன வந்துடப் போகுது?"

அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறேன். கோரிக்கை இல்லை. கொடி இல்லை. கோஷம் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. காலையில் கண் விழித்தால் முதலில் நாம் தேடுகிற வார்த்தை. சார்ஜ்.

பார்த்தீர்களா, சொன்ன உடனே மூன்று பேர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார்கள். இருக்கிறதா? சரி, உள்ளே வையுங்கள்.

எங்கள் ஆறாவது வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். தச்சு வேலை பார்த்தவர். வாய் மட்டும் ஓயாது. ஒருநாள் காலையில் மூச்சுவிடாமல் என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், போன்ல சார்ஜ் இல்ல, கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடுங்க. எனக்கு எப்போ டிஸ்சார்ஜ்? அதுக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணுவாங்க? நேத்து ஊசி போட்ட சிஸ்டர் மேல எனக்கு ஒரு புகார் இருக்கு, இந்த வார்டுக்கு யாரு இன்சார்ஜ்?" நான் சொன்னேன், "ஐயா, உங்க வாயிலதான் சார்ஜ் நிறைய இருக்கு, முதல்ல அதக் கொஞ்சம் இறக்குங்க." அவர் சிரித்தார், அவர் மகள் சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரர் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. மின்சாரத்துக்கும் அதே சொல், கட்டணத்துக்கும் அதே சொல், பொறுப்புக்கும் அதே சொல், ஏன், ஆங்கிலத்தில் அவர் சொன்ன புகாருக்கும் அதே சொல். ஒரு வார்த்தை இத்தனை வீட்டுக்கு எப்படி வாழ்க்கைப்பட்டது? என் மகளிடம் பெரிய அகராதியைப் புரட்டச் சொன்னேன். இரண்டு நாள் புரட்டிப் படித்துச் சொன்னாள்.

கேளுங்கள். ரோமானியர்களிடம் ஒரு பாரவண்டி இருந்தது. மாடோ குதிரையோ இழுக்கிற, மூட்டை ஏற்றுகிற வண்டி. அதற்குப் பெயர் கார்ரஸ். அந்தப் பெயரைக்கூட அவர்கள் பக்கத்திலிருந்த கெல்ட்டிய மக்களிடமிருந்துதான் வாங்கினார்கள். அந்த வண்டியில் சுமை ஏற்றுகிற வேலைக்கு ஒரு வினைச்சொல் பிறந்தது. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், வாயில் அடிபட்டுச் சுருங்கி, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலத்துக்குள் சார்ஜ் என்று நுழைந்தது. முதல் பொருள் என்ன? பணமா? இல்லை. பதவியா? இல்லை. மின்சாரமா? அப்போது ஏது மின்சாரம். முதல் பொருள், சுமை ஏற்று. அவ்வளவுதான்.

அந்த ஒரு வண்டியின் பின்னால் ஒரு குடும்பமே வந்திருக்கிறது. சாலையில் ஓடுகிற கார் அதே வீட்டுப் பிள்ளை. கப்பலில் போகிற கார்கோ அதன் சகோதரம். உங்கள் சைக்கிளின் பின்னால் இருக்கிற கேரியரும், சாப்பாடு கொண்டுவருகிற டிபன் கேரியரும் நெருங்கிய சொந்தம். இளைஞர்கள் கனவு காண்கிற கரியர் இருக்கிறதே, அது வண்டி ஓடுகிற பாதை. பத்திரிகையில் மூக்கை நீட்டி, காதைப் பெரிதாக்கிக் கேலிச்சித்திரம் போடுகிறார்களே, கேரிகேச்சர் என்று, அதுவும் இந்த வகையறாதான். இத்தாலியில் ஒருவர் முகத்தின்மேல் கொஞ்சம் கூடுதலாகப் பாரத்தை ஏற்றி வரைந்தார்கள், பெயர் வந்துவிட்டது.

பிறகு சார்ஜ் என்ன செய்தது? துப்பாக்கிக்குள் வெடிமருந்தை ஏற்றினார்கள், அது சார்ஜ். பேட்டரி வருவதற்கு முன்னால் கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தை ஏற்றினார்கள், அது சார்ஜ். வாங்குகிறவன் தலையில் விலையை ஏற்றினார்கள், அது சார்ஜ். ஒருவர் கையில் பொறுப்பை ஏற்றினார்கள், அது சார்ஜ். ஒருவர் மீது பழியை ஏற்றினார்கள், அதுவும் சார்ஜ். ஏற்றின சுமையை இறக்கினால் டிஸ்சார்ஜ். அதனால்தான் நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவர் முகம் அப்படி இருக்கிறது.

ஆங்கிலத்தை மட்டும் பார்த்து வியக்காதீர்கள். நம் மொழி என்ன சளைத்ததா? பொறுப்பை நாம் என்ன செய்கிறோம்? ஏற்கிறோம். குற்றத்தை என்ன செய்கிறோம்? சுமத்துகிறோம். பழியை என்ன செய்கிறோம்? போடுகிறோம், அடுத்தவர் தலையில். 'ஏன்டா என் தலையில கட்டுற' என்று கேட்காத வீடு உண்டா? 'பொறுப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே பொறுப்பது இருக்கிறது, தாங்குவது இருக்கிறது. மொழிக்கு மொழி மனிதன் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறான்.

செயலாளர் முகத்தில் நிம்மதி தெரிகிறது. அக்கா நல்லபடியாகத்தான் போகிறாள் என்று நினைக்கிறார். தம்பி, இன்னும் முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அகராதியில் இல்லாத சந்தேகம். ஏற்று ஏற்று என்கிறார்களே, ஏற்றுகிறவர் யார்? சுமக்கிறவர் யார்? மூவாயிரம் பக்கம் இருக்கிற அந்தப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. நம் மருத்துவமனையின் நடைபாதையில் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஆறாவது வார்டின் தலைமைச் செவிலியர் ஓய்வு பெற்றார். இதோ முன்வரிசையில் இருக்கிறார், வணக்கம் அம்மா. அவர் இடத்துக்கு ஆள் போட்டார்களா? போடவில்லை. விளம்பரம் வந்ததா? வரவில்லை. ஒருநாள் காலை நடைபாதையில், நடந்துகொண்டே, நிற்கக்கூட இல்லை, நடந்துகொண்டே ஒரு வார்த்தை சொன்னார்கள்: "சிஸ்டர், கொஞ்ச நாளைக்கு சார்ஜ் நீங்க பாத்துக்கோங்க."

கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். ஆறு மாதம் கழித்து ஏழாவது வார்டும் சேர்ந்தது. 'அதையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.' நாற்பத்தெட்டு கட்டில். ஒரு சாவிக்கொத்து. ஆணை உண்டா என்று கேட்டால், வரும் என்றார்கள். துணைக்கு ஆள் உண்டா என்றால், பார்க்கலாம் என்றார்கள். ஒரு காகிதம் கிடையாது. ஒரு கையெழுத்து கிடையாது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அப்படி ஒரு இன்சார்ஜ் போஸ்ட் எங்க ஃபைல்ல இல்லீங்களே" என்கிறார் எழுத்தர்.

அப்படிச் சுமை ஏற்றப்பட்டவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். ஒருமுறை கட்டடத்தில் தீ மணி அடித்தது. நாங்கள் எல்லாம் படிக்கட்டுக்கு ஓடினோம். இவள் மட்டும் ஒரு நோயாளியின் காய்ச்சலைப் பார்த்து எழுதி முடித்து, அவர் கட்டில் சக்கரத்தின் பூட்டை எடுத்து, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தாள். "மணி அடிச்சது கேக்கலையாடி?" என்று கத்தினேன். "கேட்டுச்சு. நாம ஓடலாம். இவரால ஓட முடியாதில்ல" என்றாள். மணி பழுதாகி அடித்தது என்பது பிறகு தெரிந்தது, அது வேறு.

அந்த நிதானத்துக்குப் பதினான்கு நாளைக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. பணியிடை நீக்கம். சார்ஜ் மெமோ. நகல் என் கையில் இருக்கிறது, ஒரு வரி படிக்கிறேன். 'ஆறாம் வார்டின் பொறுப்புச் செவிலியராகத் தாங்கள் பொறுப்பு வகித்த வேளையில், பதினான்காம் கட்டில் நோயாளிக்கான ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோனதைக் கவனிக்கத் தவறியமைக்காக…' போதும்.

பொறுப்புச் செவிலியராக. அடடா. மூன்று வருடமாக எந்த ஃபைலிலும் இல்லாத பதவி, இந்த ஒரு காகிதத்தில் மட்டும் எங்கிருந்து முளைத்தது? சம்பளப் பட்டியலில் இல்லாத பொறுப்பு, பதவிப் பட்டியலில் இல்லாத பொறுப்பு, பாராட்டுப் பட்டியலில் இல்லாத பொறுப்பு, பழி போடும்போது மட்டும் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, வீடு தேடி வருகிறதா? கேட்கிறேன், இது நியாயமா? பக்கத்தில் குழந்தை அழுகிறது, அதற்கே பொறுக்கவில்லை.

கண்காணிப்பாளர் ஐயா எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா. உங்களைப் பற்றி நான் சொல்லவேண்டியது முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லப்போவது எங்களைப் பற்றி. நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

பதினான்காம் கட்டிலில் இருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். நுரையீரல் கெட்டுப்போய், இரவும் பகலும் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டியவர். ஆறாவது வார்டில் சுவரில் குழாய் இல்லை, கட்டிலோரம் சிலிண்டர்தான். காற்று ஒரு தண்ணீர்ப் பாட்டில் வழியாகப் போகும், குமிழி குமிழியாக வரும். குமிழி வந்தால் மூச்சு ஓடுகிறது. அவர் மனைவி ஒரு தையல்காரம்மா. துணி தைக்கிற கண்ணல்லவா, அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்குக் குமிழி நின்றது.

வார்டில் செவிலியர் யாரும் இல்லை. நாற்காலி காலி. அந்த அம்மா அலறிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார். ஏழாவது வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நிதானம் வந்தாள். ஓடி வந்தாள். அவள் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தோம் என்கிறார்கள் கூட இருந்த நோயாளிகள். மூலையிலிருந்து புதுச் சிலிண்டரை உருட்டி, சாவி போட்டுத் திறந்து, ரெகுலேட்டரை மாற்றி, குமிழி வருவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவர் உதடு நீலமாகிவிட்டது. தீவிரச் சிகிச்சையில் ஒன்பது நாள் கிடந்தார். பிழைத்துவிட்டார். "அந்தம்மா இல்லன்னா இவரு இல்ல, எங்க வேணா வந்து சொல்றேன்" என்று அந்தத் தையல்காரம்மா அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றார். நோயாளி தரப்பு தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். காப்பாற்றியவள் குற்றவாளி. நாளைக்குக் காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் நிரூபணமானால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. விருந்தினர்கள் கேட்பார்கள். என் சகோதரிகள் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் பதில் தெரியும். இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு அந்த நாற்காலி ஏன் காலியாக இருந்தது?

ஏன் எல்லோரும் தலையைக் குனிகிறீர்கள்? நான் சொல்லிவிடுகிறேன்.

நமக்குக் காலை டியூட்டி இரண்டு மணிக்கு முடிகிறது. பணியாளர் பேருந்து வாசலில் இருந்து சரியாக இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. வார்டிலிருந்து வாசலுக்கு ஏழு நிமிட நடை. அதை விட்டால் அடுத்தது மூன்றரைக்கு. பேருந்தைக் கால் மணி நேரம் தள்ளி விடுங்கள் என்று நான்கு மனு கொடுத்தோம். பேருந்தைத் தள்ள முடியாது என்றார்கள். பேருந்தைத் தள்ள முடியாததால் நாம் எதைத் தள்ளினோம்? சார்ஜ் ஒப்படைப்பைத் தள்ளினோம்.

போகிறவரும் வருகிறவரும் ஒன்றாகக் கட்டில் கட்டிலாக நடக்கவேண்டும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளைப் பார்க்கவேண்டும். மருந்துச் சொட்டைப் பார்க்கவேண்டும். பிறகு பதிவேட்டில் ஒருவர் ஒப்படைத்தேன் என்றும் மற்றவர் ஏற்றுக்கொண்டேன் என்றும் கையெழுத்துப் போடவேண்டும். இதுதான் முறை. நாம் செய்தது என்ன? மறுநாள் மதியம் வரப்போகிறவள், முந்தின நாளே ஏற்றுக்கொண்டேன் கட்டத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். காலைக்காரி ஒன்று ஐம்பதுக்கு அதைப் பார்த்துவிட்டு, தன் கையெழுத்தைப் பேனாவால் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மதியக்காரி வந்ததும் பென்சில் மேல் பேனாவை ஓட்டுவாள். நமக்குள் ஒரு ஏற்பாடு. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தோம். எல்லா வார்டிலும் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் கட்டியிருக்கிறதே, எதற்கு? காய்ச்சல் வரைபடம் போடவா?

நடுவில் இருக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் சார்ஜ் யார் கையில்? போனவள் ஒப்படைத்துவிட்டாள். வரவேண்டியவள் வரவில்லை. ஒரு வார்டு நிறைய உயிர், பொறுப்பில் ஒரு பென்சில் கோடு.

அன்றைக்கு அந்தப் பதினான்காம் கட்டிலின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. காலைக்காரி பார்த்தாள். மதியம் வருகிறவள் ஒப்படைப்பில் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக் கிளம்பினாள். அவள் நினைத்ததில் பாதி நியாயம் இருக்கிறது. மதியம் வரவேண்டியவள் ஒன்று நாற்பத்தைந்துக்கே மருத்துவமனைக்குள் வந்துவிட்டாள். வந்தவள் வார்டுக்குப் போகவில்லை. சங்க அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். 'அக்கா, உங்க பேச்சக் கேக்கத்தான் கூட்டமே வருது' என்று ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தார். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது கப் டீயும் குடித்தாள். வார்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு பன்னிரண்டு.

செயலாளர் தலையில் கைவைத்துவிட்டார். ஆமாம் தம்பி. அதே நாள்தான். அதே டீதான். அந்தப் பென்சில் கையெழுத்து என்னுடையது.

இருங்கள். சத்தம் போடாதீர்கள். எனக்குப் பேசுகிற தைரியம் இருக்கும்போதே பேசி முடித்துவிடுகிறேன்.

நான் உள்ளே வந்தபோது அவரைத் தீவிரச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நிதானம் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பதிவேடு திறந்திருந்தது. பக்கத்தின் மேல் ரப்பர் தூள் கிடந்தது. என் பெயர் இருந்த இடத்தில் தாள் வெளுத்திருந்தது. அதன் மேல் பேனாவால் அவள் கையெழுத்து. பக்கத்தில், 'மாற்று ஆள் வரும்வரை இன்சார்ஜ் பொறுப்பில்' என்று எழுதியிருந்தாள்.

"என்னடி பண்ணிட்ட" என்று கேட்டேன்.

"உனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. திட்டுவாங்க, அவ்வளவுதான். விடு" என்றாள். ரப்பர் தூளைக் கையால் ஒதுக்கி ஊதினாள். "போ, பத்தாம் கட்டில் தாத்தாவுக்கு மாத்திரை டைம் ஆச்சு."

நான் போனேன். மாத்திரை கொடுத்தேன். பதினாறு நாளாக மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். திட்டுவதோடு போகவில்லை, வேலையையே பறிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறது நான் ஒருத்தி. அந்தக் காரணத்தைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வீட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்? அவளும் படுக்கையில் இருக்கிற அவள் அம்மாவும். எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் இருந்தேன். மற்றவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று இவ்வளவு நேரம் பார்த்தீர்கள். அதைவிட என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. போன வருடம் இதே மேடையில் நின்று, 'நம்மில் ஒருவருக்கு ஒன்றென்றால் நாம் அனைவரும் நிற்போம்' என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். நீங்களும் கைதட்டினீர்கள்.

கைதட்டாதீர்கள். இன்றைக்கு எனக்கு அது வேண்டாம். நிஜமாகவே வேண்டாம்.

கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எனக்குக் கையைக் காட்டுகிறாள், பேசாதே பேசாதே என்று. கையைக் கீழே போடு. இருபத்திரண்டு வருடமாக நீ சொன்னதை நான் கேட்டேன். அதில் ஒன்றை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. என் பாரத்தை என்னைக் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டாய், நானும் தடுக்காமல் கொடுத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடு.

கண்காணிப்பாளர் அவர்களே, இது என் கடிதம். நேற்றே எழுதிவிட்டேன், இன்றைக்குக் காலை கொடுக்கக் கை வரவில்லை. அன்றைக்கு இரண்டு மணியிலிருந்து ஆறாவது வார்டின் பொறுப்பு என்னுடையது, நான் வரவில்லை என்று எழுதி, பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அவளுக்கு வந்த மெமோ தப்பான வாசலுக்குப் போய்விட்டது. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. எல்லோரும் பார்க்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி. வாங்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் உங்களையும் கேட்கிறேன். நாளைக்கு நான் ஒருத்தி போய் நின்றால் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'இரண்டு பேர் சேர்ந்து செய்த தவறு' என்று எழுதி ஃபைலை மூடுவார்கள். இரண்டு மணிப் பேருந்து அப்படியே ஓடும். பென்சில் அப்படியே இருக்கும். இன்னொரு கட்டில், இன்னொரு குமிழி. ஆகையால் பென்சிலால் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும்…

யாரது? இரண்டாவது வரிசையில் யார் எழுந்தது?

ஓ. காலைக்காரி.

சொல்லம்மா. பயப்படாமல் சொல். ஒலிவாங்கி இல்லாததால் பின்னால் கேட்டிருக்காது. அவள் சொன்னதை நான் சொல்கிறேன். "முள்ளு சிவப்புல இருந்ததப் பாத்துட்டும் பஸ்ஸுக்கு ஓடினது நான்தான் அக்கா. நாளைக்கு நானும் வரேன்." போன மாதம்தான் பிள்ளை பெற்ற விடுப்பு முடிந்து வந்தவள். மூன்றரைப் பேருந்தில் போனால் பிள்ளை பசியில் கத்தும் என்று ஓடியவள். உட்காராதே அம்மா. அப்படியே நில். எல்லோரும் உன்னைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே, எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. தலைப்பைக் கொடுத்த செயலாளருக்கு நன்றி, அவருக்கு வரப்போகிற மெமோவுக்கு இப்போதே மன்னிப்பு. நடுவில் எழுந்தாலும் மறுபடி உட்கார்ந்து கேட்ட கண்காணிப்பாளர் அவர்களுக்கு நன்றி. அழுத குழந்தைக்கும், அதை அமர்த்திய தாய்க்கும் நன்றி. தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளுக்கு நன்றி, ஏனென்றால் குனிகிறவர்களுக்குத்தான் வெட்கம் இருக்கிறது. விசாரணை அறை முதல் மாடியில், படியேறியதும் இடப்பக்கம். பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

கடைசி வரிசைக்கு என் தனி வணக்கம். ஏய், நிதானம். அழாதேடி. நாளைக்குக் காலையில கீழே வாசல்கிட்ட நில்லு, தனியா மேல ஏறிப் போகாதே. ஒன்பதரைக்கு நான் வந்துடறேன். இந்தத் தடவை லேட்டா வர மாட்டேன்.

வணக்கம்.